எந்தக் கை என்று விதியில் இல்லை

“அப்பா, சண்டை போடும்போது தாகமெடுத்தா இவங்களுக்கு யாரு தண்ணி குடுப்பா?”

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய புதிதில் மகள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணுக்கு நேரே கட்டைவிரல் உயரத்தில் ஒரு படை அணிவகுத்திருந்தது. துருக்கியச் சுல்தானின் உதுமானியப் படை. அத்தனையும் அவள் அப்பா பிளாஸ்டிக் பொம்மைகளை வெட்டி ஒட்டி, வண்ணம் தீட்டி உருவாக்கியவை.

அந்தப் படையைப் பற்றி எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும். துப்பாக்கிக் குழாயில் மருந்தை எப்படி இடிப்பார்கள், கேடயத்தைப் பிரம்பால் ஏன் சுற்றினார்கள் என்றெல்லாம் கேட்டால், தட்டில் சோறு ஆறிப்போகும் வரை சொல்லுவார். இதற்கு மட்டும் பதில் தெரியவில்லை.

“விளையாட்டு விதியில தாகம் கிடையாது பாப்பா.”

“அப்ப விதிதான் தப்பு,” என்று சொல்லிவிட்டுப் பாப்பா ஓடிவிட்டாள்.

குழந்தைகள் கேட்டுவிட்டு மறந்துவிடுகிற கேள்விகளைக் கடவுள் மறப்பதில்லை போலிருக்கிறது. உரிய காலம் வரும்போது அதே கேள்வியை நம்மிடம் திருப்பிக் கேட்கிறார்.

அவர் வேலை செய்தது பல் செட் தயாரிக்கும் கூடத்தில். மெழுகில் ஈறு வடித்து, அதில் பல் பதித்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பது தொழில். அதனால் நண்பர்கள் நடுவே அவருக்குப் பெயர் ‘பல்செட்டு’. நண்பர்கள் என்றால், ஓர் அச்சகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற சிலர். பெரிய மேசையில் பச்சைத் துணி விரித்து, தெர்மோகோல் மலைகளை அடுக்கி, பழைய காலத்துப் போர்களைப் பகடையும் அளவு நாடாவும் வைத்து மறுபடி நடத்திப் பார்ப்பார்கள். கீழே அச்சு இயந்திரம் ஓடினால் மேலே குதிரைகள் சரிந்து விழும். ஆகவே ஆட்ட நாளில் இயந்திரத்துக்கும் விடுமுறை. அச்சகத்தின் முதலாளிதான் அவருடைய பரம எதிராளி. பெரிய மீசை வைத்தவர். எல்லாருக்கும் அவர் ‘மீசை’தான். அவருடையது ஹங்கேரியக் குதிரைப்படை.

கடையில் எளிதாகக் கிடைப்பது வேறு நாட்டுச் சிப்பாய்கள். பல்செட்டு அவர்களின் தொப்பியைச் சீவி எறிவார். பல் மெழுகு செதுக்கும் கத்தியால் காய்ந்தால் இறுகும் களியை இழுத்து, பின்கழுத்து வரை மடிந்து தொங்கும் நெடிய வெள்ளைத் தொப்பியை உருவாக்குவார். அதைப் போட்டதும் அந்த ஆள் ஜானிசரி ஆகிவிடுவான். சுல்தானின் சொந்தக் காலாள். ஜானிசரியின் தொப்பி முகப்பில் ஒரு கரண்டி செருகியிருக்கும். ஒரே அண்டாவில் சாப்பிடுகிறவர்கள் நாங்கள் என்பதற்கு அது அடையாளம். அந்த அண்டாவைப் போருக்கும் தூக்கிப்போவார்கள். அதை எதிரியிடம் பறிகொடுப்பதைவிடப் பெரிய அவமானம் அவர்களுக்குக் கிடையாது. செம்புக் கம்பியின் நுனியைச் சுத்தியலால் தட்டி, எறும்பின் தலை அளவுக் கரண்டிகளையும், அவற்றோடு ஒரு குட்டி அண்டாவையும் அவர் செய்துவைத்திருந்தார்.

“துப்பாக்கியைவிடக் கரண்டிக்குத்தான் இவர் அதிகம் பாடுபடறார்,” என்பாள் மனைவி. “வீட்டுல ஒரு கரண்டிக்குக் காம்பு ஆடுது, அதைக் கண்டுக்க மாட்டார்.”

பாப்பா வளர்ந்து, படித்து, வேலைக்கு வேறு ஊர் போன பிறகு ஒரு காலையில், வேலைக்கூடத்தில் அவருடைய வலது கையிலிருந்து மெழுகுக் கத்தி நழுவியது. எடுக்கக் குனிந்தார். கை வரவில்லை. “கத்தி விழுந்துடுச்சு” என்று சொல்ல வாயைத் திறந்தார். பேச்சும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த நாட்களில் ஒரு நண்பகலை அவரால் மறக்க முடிந்ததில்லை. மருந்து வாங்க மனைவி கீழே போயிருந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. டம்ளரில் தண்ணீர் பக்கத்து அலமாரி மேல்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும், கை இருந்தால். கேட்டால் கொடுப்பார்கள், பேச்சு இருந்தால்.

தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசலில் நின்ற நர்ஸிடம் கேட்டாள்.

“இவருக்குத் தண்ணி குடுக்கலாமாம்மா?”

“கரண்டியால குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா.”

அந்தப் பெண் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். தலையைத் தூக்கிப் பிடித்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். அவர் அவசரப்பட்டபோது, “மெதுவா. யாரும் பிடுங்கிட்டுப் போகமாட்டாங்க,” என்றாள். டம்ளர் காலியானதும் வாயைத் துடைத்துவிட்டு, நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து போனாள்.

நன்றி என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை. பேச்சு ஓரளவு திரும்பியபின் விசாரித்தபோது, அந்தப் பெண் வேறெங்கோ மாற்றலாகிப் போய்விட்டாள் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பாப்பா அன்று கேட்ட கேள்வி அந்தப் படுக்கையில்தான் அவருக்குத் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்தார். பேச்சு சற்றுக் குழறலோடு வந்துவிட்டது. கைத்தடி இருந்தால் நடக்கலாம். வலது கை மட்டும் வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல மடியில் கிடந்தது. காலையில் கடவுள்முன் கண்மூடி நிற்கும்போது, கையைத் திருப்பிக் கொடு என்று அவர் கேட்கவில்லை. ‘பிறர் எனக்குச் செய்வது போதும். நானும் ஏதாவது செய்கிற ஆளாக இருக்க வேண்டும்’ என்றுதான் கேட்டார்.

அந்த வாரமே ஞாயிறு ஆட்டச் சங்கத்தின் செயலாளர் பழங்களோடு வந்தார். ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. ஓர் ஈயைக்கூடத் துன்புறுத்தாத மனிதர். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. உதுமானியருக்கும் ஹங்கேரியருக்கும் போர் என்று முன்பே முடிவானது. ஆனால் அதற்கென்று அவர் புதிதாகச் செய்த ஜானிசரிகளில் பெரும்பாலோர் இன்னும் வண்ணம் பார்க்காத சாம்பல் பிளாஸ்டிக்காகவே நின்றார்கள்.

“நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க சார்,” என்றார் செயலாளர். “கௌரவ நடுவரா வந்து உக்காருங்க. மேசை பக்கத்துலயே நல்ல நாற்காலியா போட்டுடறோம். உதுமானியருக்குப் பதிலா வேற படையை இறக்கிக்கலாம்.”

“ஏன், என் படைக்கு என்ன?”

“நம்ம விதி உங்களுக்கே தெரியும். சொந்தக் கையால வண்ணம் தீட்டினதுதான் மேசை ஏறணும்.”

“எந்தக் கைன்னு போட்டிருக்கா?”

செயலாளர் யோசித்தார். நேர்மையானவர், பொய் சொல்ல வரவில்லை. “அப்படி ஒண்ணும் இல்ல.”

“அப்ப நாற்காலியை வேற யாருக்காவது போடுங்க. நான் நின்னுதான் ஆடுவேன்.”

இரக்கம் நல்லதுதான். ஆனால் அது சில சமயம் பழத்தோடு வந்து, நாம் உட்காரவேண்டிய நாற்காலியையும் தானே தேர்ந்தெடுத்துவிடும். அதை மரியாதையாகத் திருப்பி அனுப்புவதில் பாவம் ஒன்றுமில்லை.

சவடாலாகச் சொல்லியாகிவிட்டது. மறுநாள் இடது கையில் தூரிகையைப் பிடித்தபோதுதான் வினை தெரிந்தது. மேலங்கிக்கு வைத்த சிவப்பு மூக்கில் போய் நின்றது. மூக்கைத் துடைத்தால் தொப்பி சிவந்தது. முதல் ஜானிசரி, அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவனைப்போல் இருந்தான்.

விடுமுறைக்கு வந்த மகள் அதைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு நல்ல கை. நகத்தில் பூக்கொடியே வரைந்துகொள்ளுவாள்.

“நான் போட்டுத் தரேன்ப்பா. ஒரே நாள்ல முடிச்சுடுவேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரிஞ்சா என்ன?”

“தெரிஞ்சுக்கிட்டு எப்படிம்மா பகடை உருட்டறது? மீசை மூஞ்சியை வேற பாக்கணும்.”

“அவர் மூஞ்சியில மீசைதானே தெரியும்,” என்றாள் மனைவி உள்ளேயிருந்து. “போட்டுக் குடுத்துட்டுப் போகட்டுமே. மக கை என்ன வேத்துக் கையா?”

“என் கை போச்சு. பிடிவாதத்தையாவது விட்டு வைங்க ரெண்டு பேரும்.”

மகள் எழுந்து போய்விட்டாள். கோபம்தான். ஆனால் போகும்போது அப்பாவின் வண்ணக் குப்பிகளின் மூடிகளை எல்லாம் ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்துவிட்டுப் போனாள், ஒற்றைக் கையால் திறக்க வரும்படி. அவர் அதை மறுநாள்தான் கவனித்தார். அன்றைய பிரார்த்தனையில் அவள் பெயரை முதலில் சொன்னார்.

வழி அவருடைய தொழிலிலிருந்தே கிடைத்தது. பல் செட்டுக்கு மெருகேற்றும்போது சக்கரம் ஓரிடத்தில்தான் சுழலும். பல் செட்டைத்தான் அதனிடம் கொண்டுபோக வேண்டும். வாழ்நாளெல்லாம் செய்த வேலை. அந்த வேலையில் பாதி இடது கையுடையது. வலது கையின் புகழில் இடது கையை இத்தனை நாள் அவரே கவனிக்கவில்லை.

மேசைப் பிடிப்பானில் தூரிகையை இறுக்கிப் பூட்டச் சொன்னார். மனைவி பூட்டினாள். சிப்பாயைப் புட்டி மூடி ஒன்றில் ஒட்டி இடது கையில் பிடித்தார். தூரிகை அசையாமல் நின்றது. சிப்பாய் மெல்ல வந்து தன் மேலங்கியை அதில் தொட்டுக்கொண்டான், திரும்பினான், சட்டைக்கை விளிம்பைத் தொட்டுக்கொண்டான். மூக்கு தப்பியது.

“பெண்ணைப் பாக்க மாப்பிள்ளை வர்ற மாதிரி, தூரிகையைப் பாக்க இவன் வரானா?” என்றாள் மனைவி.

“வரவேண்டியவன்தானே வரணும்.”

மெதுவான வேலை. கண்மணிகள் வைக்க முடியவில்லை, நிழலோடு விட்டுவிட்டார். நீர்த்த பழுப்பு மையைத் தொட்டு வைத்தால் அதுவே மடிப்புகளில் இறங்கிக்கொண்டது. இடையில் எத்தனையோ பேர் கீழே விழுந்து கால் உடைந்தார்கள். ஒட்டி மறுபடி நிறுத்தினார். வெள்ளைத் தொப்பிகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

எல்லாம் முடியும் தறுவாயில், மிச்சமிருந்த ஒரு முரசுக்காரனைக் கையிலெடுத்தார். முரசைச் சீவினார். அந்த இடத்தில் களியை அப்பித் தோளில் தொங்கும் தோல்பை ஒன்று செய்யப் பார்த்தார். உதுமானியப் படையோடு தண்ணீர்ப் பை சுமப்பவர்களும் போவதுண்டு என்று அவருக்குத் தெரியும். செய்து பார்க்கத் தோன்றியதில்லை. இடது கையின் அழுத்தம் கூடிப்போய், களி காயும்முன் ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டான். நிமிர்த்தப் போனவர் நிறுத்திக்கொண்டார். நிறைந்த வாளியின் பாரத்தில் சாய்ந்து நடந்துபோன அந்தப் பெண்ணின் தோள் அது. அப்படியே விட்டார். தொப்பியில் செருகவேண்டிய செம்புக் கரண்டியை மட்டும் அவன் கையில் வைத்தார்.

வண்ணம் உரியாமலிருக்க மேலே வார்னிஷ் தெளிக்க வேண்டும். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

“ஈரக்காத்து அடிக்குது. ரெண்டு நாள் பொறுங்க,” என்றாள் மனைவி. “நீங்களே எனக்குச் சொல்லியிருக்கீங்க.”

“எல்லாரும் எனக்குப் பொறு, உக்காருன்னே சொல்லுங்க,” என்று சொல்லி, படையை மொட்டைமாடிக் கூரைக்கடியில் பரப்பி, இடது பெருவிரலால் டப்பாவை அழுத்தித் தெளித்துவிட்டார்.

காய்ந்தபோது படை முழுவதும் வெளுத்துப் பூத்திருந்தது. சிவப்பும் நீலமும் எங்கே போயின என்று தெரியவில்லை. மாவில் புரட்டி எடுத்த மாதிரி நின்றார்கள். ஈரத்தில் வார்னிஷ் அடித்தால் இப்படித்தான் ஆகும். இது இடது கை செய்த தவறில்லை என்பது அவருக்குத் தெரியும். செயலாளரின் நாற்காலியை மறுத்த அதே வாயால், வீட்டுக்காரியின் நல்ல சொல்லையும் மறுத்துவிட்டார். இரண்டும் ஒன்றல்ல. வீம்புக்கு அந்த வேறுபாடு தெரியாது.

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். மனைவி ‘நான் சொல்லல?’ என்று கேட்கவில்லை. மீசைக்குப் போன் செய்தாள்.

மீசை நனைந்த குடையோடு மாடியேறி வந்தார். படையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“என்னய்யா பல்செட்டு, உன் சுல்தான் எப்போ பனிமலைக்குப் படையெடுத்தார்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சிரிச்சு முடிச்சுட்டுப் பேசு.”

“முடிக்கல, இரு.” சிரித்து முடித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வைத்தார். “ஆலிவ் எண்ணெய். மருந்துக் கடையில வாங்கினது. பழைய தூரிகையில தொட்டு லேசாத் தேய். போன நிறம் வந்துடும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“என் குதிரைங்க ஒருதரம் இப்படிப் பூத்துப்போச்சு. யார்கிட்டயும் மூச்சு விடல. விட்டிருந்தா நீ என்னைச் சும்மா விட்டிருப்பியா?”

“நீயே ஒண்ணு தேய்ச்சுக் காட்டேன்.”

“ஆளை விடுய்யா. சொந்தக் கைன்னு விதி. நாளைக்கு என்கிட்ட தோத்துட்டு, மீசை விரல் பட்டதாலதான் தோத்தேன்னு சொல்லுவ. தொடமாட்டேன்.”

தொடவே இல்லை. ஆனால் போகவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மனைவி வைத்த பிஸ்கட்டைத் தின்றபடி, நிறம் திரும்பி வந்த ஒவ்வொரு ஜானிசரியையும் பேர் வைத்துக் கேலி செய்துகொண்டிருந்தார். ‘இவன் உன் மாமனார் மாதிரி முழிக்கிறான். இவன் கடன் கேக்க வந்தவன்.’ எண்ணெய் பட்ட இடத்திலெல்லாம் சிவப்பு, துணிக்குள்ளிருந்து ஊறி வருவதுபோல் மேலே வந்தது. கடைசி ஆளுக்கும் நிறம் வந்த பிறகுதான் மீசை குடையை எடுத்தார்.

ஆட்ட நாளில் அச்சு இயந்திரம் ஓய்ந்திருந்தது. மாடியில் மையின் வாசனை மட்டும். மகளும் வந்திருந்தாள். செயலாளர் சொன்னபடியே நல்ல நாற்காலி ஒன்றைப் போட்டிருந்தார். பல்செட்டு வணக்கம் சொல்லி, அதில் தன் கைத்தடியை மாட்டிவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இடது கையால் படையை நகர்த்தும்போது ஓரிருவர் சாய்ந்தார்கள். உதவ நீண்ட ஒரு கையை மீசை முறைத்தார். அது திரும்பிப் போய்விட்டது. “நேரமாகுதுய்யா, சீக்கிரம் நிறுத்து. உன் ஆளுங்க சண்டைக்கு வந்தாங்களா, தூங்க வந்தாங்களா?”

“உன் குதிரைக்குப் பயந்து படுத்திருக்காங்கன்னு நெனைக்காத. குறி பாக்கறாங்க.”

பிற்பகலில் ஹங்கேரியக் குதிரைகள் இடப்பக்கத்தை உடைத்துவிட்டன. அண்டாவைச் சுற்றி நின்ற ஜானிசரிகளின் முதுகுக்கு நேரே வழி திறந்தது. அந்த வழியின் நடுவில், சாய்ந்த தோளோடு, கையில் கரண்டியோடு ஒருவன் மட்டும் நின்றான்.

“இது யாரு?” என்றார் மீசை.

“தண்ணி குடுக்கிறவன்.”

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “இந்த உருவம் கணக்குல வராது. குதிரை நேரா போகலாம்.”

மீசை அளவு நாடாவை நேராக நீட்டினார். நேரே போனால் அண்டா அவருக்கு. நாடாவைச் சுருட்டிக்கொண்டார். பிறகு வளைத்து, தண்ணீர்க்காரனைச் சுற்றிக்கொண்டு அளந்தார். ஒரு விரல்கடை எட்டவில்லை.

“விதிப்படி சுத்த வேண்டியதில்ல சார்,” என்றார் செயலாளர்.

“தெரியும். தண்ணி வெச்சிருக்கிறவன் மேல குதிரையை விட்டுட்டு, ராத்திரி வீட்டுல நான் எப்படிய்யா தண்ணி குடிக்கிறது?”

மகள் குனிந்து அந்த உருவத்தைப் பார்த்தாள். “இவன் எப்ப வந்தான்ப்பா? முன்னாடி இல்லையே.”

“நீ கேட்ட ஆளுதான்.”

“நான் எப்ப கேட்டேன்?”

அவர் பகடையை இடது கையில் எடுத்தார். ஜானிசரிகள் திரும்பி நின்று சுட்டார்கள். எல்லாப் பக்கமும் படை கலைந்து ஓடியபோதும், அந்த வெள்ளைத் தொப்பிகள் மட்டும் அண்டாவைச் சுற்றி வட்டமாக நின்று, ஆட்டம் முடியும் வரை நகரவில்லை. புள்ளிகளைக் கூட்டினார்கள். வெற்றி மீசைக்குத்தான்.

“தோத்துட்டய்யா,” என்றார் மீசை.

“அண்டா நிக்குதா இல்லையா, அதைச் சொல்லு.”

மீசை பார்த்தார். “நிக்குது.”

“அது போதும்.”

அதற்கடுத்த முறை கைக்குப் பயிற்சி எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மனைவி சீட்டு வாங்கும் வரிசையில் நின்றாள். அவர் கைத்தடியோடு மெல்ல நடந்து, தான் முன்பு கிடந்த அந்தக் கூடத்துக்குப் போனார். நண்பகல் வேளை. படுக்கைகளில் பெரும்பாலோர் கண்ணயர்ந்திருந்தார்கள். உடனிருப்பவர்கள் சாப்பிடப் போயிருக்க வேண்டும்.

அவருடைய பழைய படுக்கையில் இரண்டு கைகளிலும் கட்டுப் போட்ட ஒரு மனிதர் விழித்துக் கிடந்தார். அவர் பார்வை அலமாரி மேலிருந்த டம்ளரில் நின்றது.

“தண்ணி குடிக்கலாம்னு சொல்லியிருக்காங்களா?”

அந்த மனிதர் தலையசைத்தார்.

கைத்தடியைக் கட்டிலில் சாய்த்துவிட்டு, இடது கையால் கரண்டியை எடுத்தார். முதல் கரண்டி நடுங்கி நோயாளியின் கழுத்தில் சிந்தியது. முழங்கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றிக்கொண்டார். அடுத்தது உதட்டைத் தொட்டது. அதற்கடுத்தது உள்ளே போனது. அந்த மனிதர் அவசரப்பட்டார்.

“மெதுவா. யாரும் பிடுங்கிட்டுப் போகமாட்டாங்க.”

டம்ளர் காலியாயிற்று. கழுத்தில் சிந்தியதைத் தன் சட்டைக் கையால் ஒற்றி எடுத்தார். நோயாளி அதற்குள் கண்ணை மூடிவிட்டார். கரண்டியை டம்ளருக்குள் ஓசைப்படாமல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

நடைவழியில் யாரும் இல்லை. யாரோ அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்த தரை ஈரத்தில் மின்னியது. அதில் தடம் படாதபடி, சுவரை ஒட்டிக் காய்ந்திருந்த ஓரமாகவே அவர் நடந்து போனார்.